விளக்கக் கடிதத்தில் அனுபவம் இருக்காது

செவிலியர் கல்லூரி மாணவியின் ரெக்கார்டு நோட்டில், 'இந்த அனுபவத்திலிருந்து நான் கற்றுக்கொண்டது' என்ற தலைப்பின் கீழ் என்ன இருக்கும் என்று நோட்டைத் திறக்காமலேயே சொல்லிவிடலாம். 'நோயாளியிடம் கனிவாகப் பேச வேண்டும் என்பதைக் கற்றுக்கொண்டேன். கைகழுவுவதன் முக்கியத்துவத்தை உணர்ந்தேன். வார்டு சிஸ்டர்கள் எனக்கு மிகவும் உறுதுணையாக இருந்தார்கள்.' போன வருடத்து அக்காவின் நோட்டிலும் இதுதான் இருந்தது. அடுத்த வருடம் வரப்போகிற தங்கையின் நோட்டிலும் இதுதான் இருக்கும். பி.எட். மாணவரின் நோட்டு மட்டும் என்ன வாழ்கிறதாம்? 'மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர். பாடநோக்கம் நிறைவேறியது' என்று எல்லாப் பாடக்குறிப்பின் அடியிலும் எழுதி, செய்முறைத் தேர்வுக் கமிஷன் வருவதற்குள் அட்டை போட்டு லேபிள் ஒட்டிவிடுவார். நேரமில்லாதவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு எழுதித் தரவும் ஆள் உண்டு.

சிரித்துவிட்டுப் போகலாம்தான். ஆனால், அந்தப் பக்கத்தை எழுதச் சொன்னவர்களின் நோக்கம் சிரிப்புக்குரியது அல்ல. செய்த வேலையைத் திரும்பிப் பார்த்து யோசித்தால்தான் அனுபவம் அறிவாகும் என்ற கருத்தை அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜான் டூயி 1910-லேயே 'நாம் எப்படிச் சிந்திக்கிறோம்' என்ற நூலில் விரிவாகப் பேசிவிட்டார். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் டொனால்ட் ஷோன் 1983-ல் அதைத் தொழில்களின் பக்கம் திருப்பினார். கைதேர்ந்த ஒருவர் வேலை செய்துகொண்டிருக்கும்போதே யோசிக்கிறார்; முடித்த பிறகும் யோசிக்கிறார்; பாடப்புத்தகத்தில் விடை இல்லாத சிக்கல்களில் இந்த யோசனைதான் அவரைக் கரைசேர்க்கிறது என்றார். 1988-ல் இங்கிலாந்தின் கிரகாம் கிப்ஸ் இதை ஆறு கேள்விகளாகச் சுருக்கிக் கொடுத்தார்: என்ன நடந்தது? என்ன உணர்ந்தாய்? எது சரியாக நடந்தது, எது நடக்கவில்லை? ஏன்? வேறு என்ன செய்திருக்கலாம்? அடுத்த முறை என்ன செய்வாய்? செவிலியர் படிப்பு அங்கே மருத்துவமனைப் பள்ளிகளைவிட்டுப் பல்கலைக்கழகங்களுக்கு நகரவிருந்த நேரம் அது. கிப்ஸின் கேள்விகளைச் செவிலியர் கல்வி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. இந்தியாவில் 2009-ன் ஆசிரியர் கல்விக் கலைத்திட்ட வடிவமைப்பு, இரண்டாண்டாக நீண்ட பி.எட். படிப்பின் 'தன்னை அறிதல்' பகுதி, 2019-ல் மாறிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் என இந்தச் சிந்தனை எல்லா இடத்திலும் நுழைந்துவிட்டது. நோட்டுக்குள் மட்டும் நுழைந்தது என்பதுதான் சிக்கல்.

இந்தக் கேள்விகள் உண்மையில் என்ன செய்யக்கூடும்? ஒரு பிரசவ வார்டின் இரவை நினைத்துப் பார்ப்போம். குழந்தை பிறந்து ஒரு மணி நேரம். தாயின் ரத்த அழுத்தம் 110/70. இளம் செவிலியர் அதைக் கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்கிறார். அந்தப் பக்கமாக வந்த மூத்த சிஸ்டர் நின்று, தாயின் முகத்தைப் பார்க்கிறார். நெற்றியைத் தொடுகிறார். போர்வையை விலக்குகிறார். 'டாக்டரைக் கூப்பிடு, இன்னொரு லைன் போடு' என்கிறார். பி.பி.எச். எனப்படும் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கு. தாய் பிழைத்துக்கொள்கிறார். காலையில் டியூட்டி ஓவர் கொடுக்கும்போது அந்த இரவு முழுக்க, 'பி.பி.எச். ஆச்சு, ரெண்டு யூனிட் பிளட் போயிருக்கு, இப்ப ஸ்டேபிள்' என்று ஒரே வரியில் அடங்கிவிடும். 'எப்படி சிஸ்டர் கண்டுபிடிச்சீங்க?' என்று இளையவர் கேட்டால், நம் தொழிற்கல்வி அத்தனைக்கும் பொதுவான அந்தப் பதில் வரும்: 'போகப் போகத் தெரியும்மா.'

போகப் போகத் தெரியாது. அந்தக் கேஸ் ஷீட்டில், இளம் செவிலியரின் கையெழுத்திலேயே, நாடித்துடிப்பு 112 என்று இருக்கிறது. ரத்தம் இழக்கும் உடல், முதலில் இதயத்தை வேகமாக ஓட்டித்தான் சமாளிக்கும். அழுத்தம் கடைசியில்தான் விழும். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை எட்டிப்பிடிக்கத் தொடங்கினாலே ஆபத்து என்பது மகப்பேறு மருத்துவத்தில் தெரிந்த கணக்கு. எண்ணை எழுதிய பெண் அதைப் படிக்கவில்லை. மூத்தவரோ எண்ணைப் பார்க்காமலேயே வெளிறிய முகத்தில் அதைப் படித்துவிட்டார். இரண்டு பேரும் அந்தக் காலையில் பத்து நிமிடம் உட்கார்ந்து கேஸ் ஷீட்டைப் புரட்டியிருந்தால், இளையவருக்கு ஆயுசுக்கும் மறக்காத பாடம் கிடைத்திருக்கும். மூத்தவருக்கும் தான் பார்த்தது என்ன என்று சொல்லத் தெரிந்திருக்கும். அவருக்கே அது தெரியாது என்பதையும் மறந்துவிடக் கூடாது. பாட்ரீஷியா பென்னர் 1984-ல் எழுதிய, இன்றும் செவிலியர் கல்லூரிகளில் பாடமாக இருக்கும் நூலில், கற்றுக்குட்டியிலிருந்து கைதேர்ந்தவர்வரை ஐந்து நிலைகளைப் பிரித்துக் காட்டியபோது கண்டுகொண்டது இதுதான். கைதேர்ந்த செவிலியரிடம் 'என்ன விதிப்படி செய்தீர்கள்?' என்றால் பதில் வராது. 'அன்றைக்கு நடந்ததைச் சொல்லுங்கள்' என்றால் கொட்டும். பென்னரின் நூல் செவிலியர்கள் சொன்ன அத்தகைய நிகழ்வுகளின் மேல்தான் கட்டப்பட்டிருக்கிறது.

இந்தத் தொழிலின் தாயென்று நாம் கொண்டாடும் பிளாரன்ஸ் நைட்டிங்கேலின் கதையையும் பாதியோடு நிறுத்திவிடுகிறோம். 1854 நவம்பரில் கிரிமியப் போருக்காக ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு 38 பெண்களோடு போய்ச் சேர்ந்தார், விளக்கேந்தி இரவில் நோயாளிகளைப் பார்த்தார், அதுவரை நமக்குத் தெரியும். அவர் போன பிறகும் அந்தக் குளிர்காலத்தில் அங்கே சாவு குறையவில்லை, கூடியது. கட்டிடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதார ஆணையம் அதைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழிசெய்த பிறகுதான் சாவு இறங்கியது. உணவும் பொருள்களும் போதாததும், வீரர்கள் குற்றுயிராக வந்து சேர்ந்ததும்தான் சாவுக்குக் காரணம் என்று நைட்டிங்கேல் அப்போது நம்பினார். போர் முடிந்து லண்டன் திரும்பி, புள்ளியியலாளர் வில்லியம் ஃபாரோடு உட்கார்ந்து, மருத்துவமனை மருத்துவமனையாகச் சாவுக் கணக்கை ஒப்பிட்டபோதுதான் தன் மருத்துவமனையின் நிலை அவருக்கு விளங்கியது என்கிறார் அவரைப் பற்றி ஆராய்ந்த ஹியூ ஸ்மால். அந்தக் கணக்கிலிருந்து வந்தவைதான் 1858-ல் அவர் வெளியிட்ட புகழ்பெற்ற வட்ட வரைபடங்கள். விளக்கைவிடப் பெரியது அந்தக் கணக்குப் பார்த்தல் என்பேன். ஆனாலும், செவிலியர் தினமான ஒவ்வொரு மே 12-ம் தேதியும் நம் கல்லூரிகளில் மெழுகுவர்த்தி மட்டுமே ஏற்றப்படுகிறது.

பள்ளிக்கூடத்துக்கு வருவோம். பி.எட். படித்தவர்கள் எல்லோரும் நுண்நிலைக் கற்பித்தல் செய்திருப்பார்கள். 1960-களில் ஸ்டான்ஃபோர்டில் பிறந்த இந்த முறைக்கு நம் என்.சி.இ.ஆர்.டி. வகுத்த இந்திய வடிவத்தில் ஒரு சுற்று 36 நிமிடம். பாடம் நடத்த 6, அதைப் பற்றிப் பேச 6, திருத்தித் திட்டமிட 12, மறுபடி நடத்த 6, மறுபடி பேச 6. கூட்டிப் பாருங்கள்: பாடம் நடத்துவது 12 நிமிடம்தான், பேச்சும் யோசனையும் 24 நிமிடம். எவ்வளவு அருமையான விகிதம்! அந்த மாணவர் தேர்வெழுதி, கலந்தாய்வில் இடம் வாங்கி, ஒரு அரசுப் பள்ளியில் போய்ச் சேர்ந்த அன்று இந்த 24 நிமிடம் பூஜ்யமாகிவிடுகிறது. அடுத்தடுத்துப் பாடவேளைகள், இடையில் விலையில்லாப் பொருள் கணக்கு, எமிஸ் தளத்தில் மாணவர் விவரப் பதிவு, வராத ஆசிரியரின் வகுப்புக்குப் போய் உட்கார்வது. 'மறுபடி நடத்து' என்று யாரும் சொல்லப்போவதில்லை. ஏழாம் வகுப்பு 'அ' பிரிவில் பின்னங்கள் ஏன் புரியவில்லை என்று யோசிக்கும் முன், 'ஆ' பிரிவில் அதே பாடத்தை அதே விதமாக நடத்தி முடித்திருப்பார்.

ஜப்பானியப் பள்ளிகளில் நூறாண்டுக்கும் மேலாக ஒரு வழக்கம் இருக்கிறது. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரு பாடத்தைத் திட்டமிடுகிறார்கள். ஒருவர் நடத்துகிறார். மற்றவர்கள் வகுப்பைச் சுற்றி நின்று குறிப்பெடுக்கிறார்கள். அவர்கள் கண் பெரும்பாலும் ஆசிரியர்மேல் இல்லை, பிள்ளைகள்மேல் இருக்கிறது: எந்தக் கேள்வியில் குழந்தை பென்சிலைக் கீழே வைத்தது, எங்கே பக்கத்துப் பிள்ளையின் நோட்டை எட்டிப் பார்த்தது. மாலையில் கூடிப் பேசும்போது விமர்சனம் பாடத்தின்மேல் விழும். பாடம் எல்லோரும் சேர்ந்து போட்டது என்பதால் ஒருவர் தலை உருளாது. நம் ஊரில் வகுப்பறைக்குள் இன்னொரு பெரியவர் நுழைந்தால் அதற்குப் பெயர் இன்ஸ்பெக்ஷன். அன்றைக்குப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பாடத்தைத்தான் ஆசிரியர் நடத்துவார்; முன்வரிசையில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

தன் வகுப்பைத் தானே திரும்பிப் பார்த்த ஆசிரியர்கள் நம்மிடமும் இல்லாமல் இல்லை. குஜராத்தின் கிஜுபாய் பதேகா வக்கீல் தொழிலை விட்டுவிட்டு ஆசிரியரானவர். தொடக்கப் பள்ளியின் ஒரு வகுப்பைக் கேட்டு வாங்கி ஓராண்டு பரிசோதனை செய்யும் ஆசிரியரின் கதையாக அவர் எழுதிய 'பகல் கனவு' தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியரின் முதல் நாள் திட்டம் படுதோல்வி. அன்று மாலையே அதை யோசித்து, மறுநாள் கதை சொல்லத் தொடங்குகிறார். தமிழில் பேராசிரியர் ச.மாடசாமி 'எனக்குரிய இடம் எங்கே?' போன்ற நூல்களில் வகுப்பறையின் அதிகாரத்தை ஆசிரியர் இடத்திலிருந்தே கேள்விக்குள்ளாக்கினார். ஆசிரியப் பயிற்சியில் இருப்பவர்கள் இவற்றை வாசித்தால் போதும், பாதி ரெக்கார்டு நோட்டைத் தூக்கிப் போட்டுவிடலாம். ஆனால், இவை தனிமனிதர்களின் துணிச்சல். ஒரு துறையே அப்படித் திரும்பிப் பார்க்க வேண்டுமென்றால் குறுக்கே ஒன்று நிற்கிறது. அதன் பெயர் மெமோ.

தமிழ்நாட்டில் அரசு ஊழியர் எவரையும் கேளுங்கள், 17-ஏ, 17-பி என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ஒழுங்கு நடவடிக்கை விதிகளின் இந்த இரண்டு உட்பிரிவுகளும் பேச்சு வழக்காகவே ஆகிவிட்டன. வார்டில் ஒரு தவறு நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம்: ஒரு மருந்துக்குப் பதில் வேறொரு மருந்து ஏறப்போய், கடைசி நொடியில் நிறுத்தப்படுகிறது. அடர் பொட்டாசியம் குளோரைடு போன்ற, நேரடியாக ஏற்றினால் உயிரையே பறிக்கும் மருந்துகள் வேறு சாதாரண ஆம்ப்யூல்களைப் போலவே தோன்றுவதும், ஒரே இடத்தில் வைக்கப்படுவதும் ஆபத்து என்று உலக சுகாதார நிறுவனம் 2007-லேயே எச்சரித்திருக்கிறது. திரும்பிப் பார்க்கும் துறை கேட்கவேண்டிய கேள்வி: இவை இரண்டும் ஏன் ஒரே டிரேயில் இருந்தன? மெமோ கேட்கும் கேள்வி: தாங்கள் ஏன் கவனிக்கவில்லை? அதற்கு ஒரு பதில்தான் உண்டு. 'எனது கவனத்தை மீறி நடந்துவிட்ட இச்செயலுக்கு மிகவும் வருந்துகிறேன். இனிவரும் காலங்களில் இவ்வாறு நிகழா வண்ணம் பார்த்துக்கொள்கிறேன் எனப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.' சங்கத்துக்காரர் ஒருவர் வாசகத்தைத் திருத்திக் கொடுத்திருப்பார். கல்லூரியில் அக்காவின் நோட்டைப் பார்த்து எழுதியவர், வேலைக்கு வந்து பத்து வருடம் கழித்து, விளக்கக் கடிதத்தையும் அதே விதமாகத்தான் எழுதுகிறார். இரண்டிலும் அவருடைய அனுபவம் ஒரு வரிகூட இருக்காது. டிரே அதே இடத்தில் இருக்கும்.

கிப்ஸின் இரண்டாவது கேள்வி இந்த மண்ணில் இன்னும் சிரமம். 'என்ன உணர்ந்தாய்?' லண்டன் மருத்துவமனை ஒன்றின் செவிலியர் பணியை ஆராய்ந்து இசபெல் மென்சீஸ் 1960-ல் எழுதிய கட்டுரை, நோயாளியைப் பெயர் சொல்லாமல் கட்டில் எண்ணாலும் நோயின் பெயராலும் குறிப்பிடுவதுகூட மனப் பதற்றத்திலிருந்து தப்பிக்கும் ஏற்பாடுதான் என்றது. 'பதினாலாம் பெட் டெத்' என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகும் செவிலியரைக் கல்நெஞ்சக்காரி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். அவருக்கு அழ இடம் கொடுக்கப்படவில்லை, அவ்வளவுதான். கை ஓங்கிவிட்ட ஆசிரியரும் அப்படித்தான். அன்று மாலை அவர் மனதில் ஓடியதைச் சொல்ல ஒரு ஆள் கிடைத்திருந்தால், மறுநாள் வகுப்பு வேறு மாதிரி இருந்திருக்கும்.

பயம் நம் ஊர் வியாதி மட்டுமல்ல. பிரிட்டனில் 2016 ஏப்ரல் முதல் ஒவ்வொரு செவிலியரும் மூன்றாண்டுக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்கும்போது, 450 மணி நேரப் பணி, 35 மணி நேரப் படிப்பு இவற்றோடு, தன் பணியனுபவம் பற்றி ஐந்து பதிவுகள் எழுதி, அவற்றைச் சக செவிலியர் ஒருவரோடு பேசியும் ஆக வேண்டும். அங்கே வேலை செய்யும் நம் ஊர்ச் செவிலியர்களும் எழுதுகிறார்கள். அப்படிப்பட்ட நாட்டிலேயே, லெஸ்டர் நகர மருத்துவமனையில் 2011-ல் ஆறு வயதுச் சிறுவன் ஒருவன் இறந்த வழக்கில், பயிற்சி மருத்துவர் ஒருவரும் செவிலியர் ஒருவரும் 2015-ல் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. 2018 ஜனவரியில் மருத்துவரின் பெயர் பதிவேட்டிலிருந்தே நீக்கப்பட்டது. அவர் எழுதிய அனுபவக் குறிப்புகள் அவருக்கு எதிராகத் திரும்பிவிட்டன என்ற பேச்சு நாடெங்கும் பரவியது. அந்தக் குறிப்பேடு நடுவர்கள்முன் வைக்கப்படவில்லை என்று பிறகு விளக்கம் வந்தும், மருத்துவர்கள் பேனாவை மூடிவைத்துவிட்டார்கள். அவ்வாண்டு ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த நீக்கத்தை ரத்துசெய்தது. அரசு அமைத்த ஆய்வுக் குழுவோ, விசாரணைக்காக இத்தகைய குறிப்புகளைக் கேட்டு வாங்கும் அதிகாரம் ஒழுங்குமுறை அமைப்புகளுக்கு இருக்கக் கூடாது என்று பரிந்துரைத்தது. எழுதச் சொல்வது சுலபம். எழுதியதற்குக் காவல் போடாமல் எழுதச் சொல்வது அநியாயம்.

காவல் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு லண்டன்வரை போகத் தேவையில்லை. பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் போதும். கேரளத்தின் மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு, 2004 முதல் மாநிலத்தில் நிகழும் பேறுகால மரணங்களை ரகசியமாக ஆராய்கிறது. தாயின் பெயர், மருத்துவரின் பெயர், மருத்துவமனையின் பெயர் எல்லாம் நீக்கப்பட்ட பிறகே வழக்கு ஆய்வாளர்கள் மேசைக்கு வருகிறது. யார் என்ற கேள்வி அங்கே இல்லை. எங்கே தாமதமானது, எது தவறவிடப்பட்டது, எப்படித் தவிர்த்திருக்கலாம் என்பவை மட்டும்தான். கிடைத்த பாடங்களைத் தொகுத்து, 'தாய்மார்கள் ஏன் இறக்கிறார்கள்' என்ற தலைப்பில் வெளியிட்டார்கள். இங்கிலாந்து 1952 முதல் செய்துவரும் முறையைப் பார்த்துச் செய்தது இது. மாதிரிப் பதிவு அமைப்பின் 2018-20 கணக்குப்படி, உயிருடன் பிறக்கும் ஒரு லட்சம் குழந்தைகளுக்குக் கேரளத்தில் பேறுகால மரணம் 19, தமிழ்நாட்டில் 54, நாட்டின் சராசரி 97. கேரளத்தின் எண்ணுக்கு எத்தனையோ காரணங்கள் உண்டு. ரகசிய ஆய்வு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால், தங்கள் தவறுகளைத் தாங்களே மேசைமேல் பரப்பிப் பார்க்கும் மருத்துவர் சமூகம் ஒன்று அங்கே இருக்கிறது என்பது சின்ன விஷயம் இல்லை.

தமிழ்நாடு இதில் பின்தங்கிய மாநிலமும் அல்ல. பேறுகால மரணங்களை ஒவ்வொன்றாக ஆய்வுசெய்யும் வழக்கத்தை இந்தியாவிலேயே முதலில் தொடங்கியவர்கள் நாம்தான், 1990-களிலேயே. மாவட்ட ஆட்சியர்வரை போகும் ஆய்வு இது. 'பெயர் வேண்டாம், பழி வேண்டாம்' என்பதுதான் மத்திய அரசின் வழிகாட்டுதலும். ஆனால், ஆட்சியர் தலைமையில் அதிகாரிகள் சூழ்ந்த அறையில், ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் 'அன்றைக்கு நான் நாடித்துடிப்பைக் கவனிக்கவில்லை' என்று சொல்வார் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவம் அறியாத எதிர்பார்ப்பு. அவர் தொகுப்பூதியத்தில் இருப்பவராக இருந்தால் கேட்கவே வேண்டாம். 2015-ல் மாதம் ரூ.7,700 ஊதியத்தில் வேலைக்கு எடுக்கப்பட்ட செவிலியர்கள், நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாதவர் இன்றைக்குச் செய்த தவறை எழுதிக் கொடுக்க மாட்டார். பள்ளியின் பகுதிநேர ஆசிரியருக்கும் இதே கதைதான்.

'அப்படியானால், தப்பு செய்தவரை விட்டுவிடச் சொல்கிறீர்களா?' என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. குடித்துவிட்டு டியூட்டிக்கு வந்தவரையும், பணம் வாங்கிக்கொண்டு சிகிச்சையைத் தள்ளிப்போட்டவரையும், குழந்தையிடம் அத்துமீறிய ஆசிரியரையும் சட்டமே பார்த்துக்கொள்ள வேண்டும்; 17-பி மட்டும் போதாது. அவர்களுக்காக எழுதப்பட்டதல்ல இது. இரவுப் பணியில் அளவுக்கு மீறிய நோயாளிகளைத் தனியாகப் பார்த்து, ஒரு எண்ணைக் கவனிக்கத் தவறியவரைப் பற்றியது. கற்பிக்கும் மருத்துவமனைகளில் மூன்று நோயாளிக்கு ஒரு செவிலியர் என்பது இந்திய செவிலியர் மன்றத்தின் அளவுகோல். அந்த அளவில் ஓடும் பொது வார்டு ஒன்றை அரசு மருத்துவமனையில் கண்டவர்கள் சொல்லட்டும். இந்த இரண்டு வகையினரையும் ஒரே படிவத்தில் விசாரிப்பதுதான் கோளாறு. முதல் வகையினர் படிவத்தை எப்படியும் சமாளித்துவிடுவார்கள். இரண்டாம் வகையினர் வாயை மூடிக்கொள்வார்கள். அடுத்த வார்டில் அதே தவறு நடக்கும்.

செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. செவிலியர் கல்லூரியிலும் பி.எட். கல்லூரியிலும் அனுபவப் பதிவுக்கு மதிப்பெண் போடுவதை நிறுத்திவிட்டு, ஆசிரியர் அதை மாணவரோடு உட்கார்ந்து பேசுவதைக் கட்டாயமாக்கலாம். டியூட்டி மாறும் நேரத்தில் கால் மணி நேரத்தை, வீடு திரும்பும் அவசரத்தில் திருடாமல், பணி நேரத்துக்குள்ளேயே கொடுக்கலாம். குறுவள மையக் கூட்டங்களில் மேலிருந்து வந்த கருத்தாளர் பேசுவதைக் குறைத்து, ஆசிரியர்கள் தங்களுக்குக் கைகொடுக்காத ஒரு பாடத்தைப் பற்றிப் பேச விடலாம். கற்றலுக்காகத் தானே முன்வந்து எழுதும் குறிப்பை ஒழுங்கு நடவடிக்கைக்குச் சான்றாக எடுக்கக் கூடாது என்று ஓர் அரசாணை போடலாம். இவற்றில் எதற்கும் தனி நிதி ஒதுக்கீடு தேவையில்லை.

சுகாதாரத் துறையிடம் குறிப்பாக ஒரு வேண்டுகோள். முப்பதாண்டு அளவுக்குச் சேர்ந்திருக்கும் பேறுகால மரண ஆய்வுகளிலிருந்து, பெயரும் ஊரும் நீக்கிய நிகழ்வுகளைத் தேர்ந்தெடுத்து, எளிய தமிழில் ஒரு சிறு நூலாக்கி, பிரசவம் பார்க்கும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர் கையிலும் கொடுங்கள். ஆண்டுதோறும் புதிதாகக் கொடுங்கள்.